வானுக்கும் வோனுக்கும் நடுவே

வியன்னா, 1818 டிசம்பர் 11. பிரபுக் குடும்பத்து வழக்குகளை மட்டும் விசாரிக்கும் நீதிமன்றம் அது. லாண்ட்ரெக்ட் என்பார்கள். மற்றவர்களின் வழக்கெல்லாம் மாகிஸ்ட்ராட் என்ற நகர மன்றத்துக்குப் போய்விடும். அன்றைக்கு வந்து நின்றவர் லுட்விக் வான் பீத்தோவன். வழக்குக்கும் இசைக்கும் சம்பந்தமில்லை. இறந்துபோன தம்பியின் மகன் கார்லுக்கு யார் காப்பாளர், பெரியப்பாவா பெற்ற தாயா என்று மூன்று வருஷமாக நடந்துவந்த இழுபறி. ஒரு வாரத்துக்கு முன்புதான் 12 வயதுப் பையன் பெரியப்பா வீட்டிலிருந்து அம்மாவிடம் ஓடிப்போயிருந்தான்.

பையனை எங்கே படிக்கவைப்பது என்று பேச்சு வந்தது. உயர்குடிப் பிள்ளையாக மட்டும் இருந்திருந்தால் தெரேசியானும் பள்ளியில் சேர்க்கலாம் என்ற பொருளில் பீத்தோவன் தரப்பில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. நீதிபதிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் நீங்கள் பிரபு வம்சம் இல்லையா? அதற்கான பத்திரம் இருக்கிறதா? பீத்தோவன் தந்த பதில் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது: ‘வான்’ என்பது டச்சு வழக்கு, அது உயர்குடியினர் மட்டுமே போட்டுக்கொள்வது அல்ல, தன்னிடம் பட்டயமும் இல்லை, வேறு சான்றும் இல்லை. ஒரே வாரத்தில் வழக்கு நகர மன்றத்துக்குத் தள்ளிவிடப்பட்டது.

ஜெர்மன் பெயருக்கு நடுவில் ‘வோன்’ வந்தால் அநேகமாகப் பிரபுக் குடும்பம். டச்சு ‘வான்’ பெரும்பாலும் இன்ன ஊர்க்காரர் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. பீத்தோவனின் தாத்தா இப்போதைய பெல்ஜியத்தில் இருக்கும் மெஹலன் ஊரிலிருந்து பான் நகரத்துக்கு வந்த பாடகர். பேரன் 1792-இல் வியன்னாவுக்கு வந்தபோது அந்த ஒற்றை எழுத்து வித்தியாசத்தை யாரும் கிளறவில்லை. அவரும் வலியப் போய்த் திருத்தவில்லை. 26 வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

இந்தக் கோர்ட்டுக் காட்சியை வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வேடிக்கைச் சம்பவமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ‘காப்பாளர்’ என்ற சொல் அவருடைய வாழ்க்கையில் குறுக்கே வந்தது அது முதல் தடவை அல்ல. 14 வருஷத்துக்கு முன்பே வந்து, அவருக்கு அமைந்திருக்கக்கூடிய ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டுப் போயிருந்தது.

அந்தக் கதைக்கு முன்னால், ஓர் இசைக்காரர் பிரபு வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று பார்த்துவிடுவோம். ஹைடன் 1761-இல் எஸ்டர்ஹாசி குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. விருந்தினர் முன்னால் வாசிக்கும்போது வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சட்டை, மாவு பூசிய தலைமுடி. தினமும் முன்னறையில் காத்திருந்து, இன்று என்ன வாசிக்க வேண்டும் என்று எஜமானரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மோட்ஸார்ட் 1781 மார்ச்சில் சால்ஸ்பர்க் பேராயரோடு வியன்னாவுக்கு வந்தபோது அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் சாப்பாட்டுப் பந்தியை வர்ணிக்கிறார். மேசையின் தலைமாட்டில் பேராயரின் அந்தரங்க வேலைக்காரர்கள் இருவர்; தனக்குச் சமையல்காரர்களுக்கு மேலே இடம் கிடைத்திருக்கிறதாம், அந்த மட்டும் பாக்கியம். சில மாதத்தில் வேலையை விட்டார். கடைசியில் பேராயரின் ஆளான ஆர்க்கோ பிரபு பின்னால் ஓர் உதை கொடுத்து அனுப்பினார்.

பீத்தோவன் காலத்தில் பந்தி மாறிவிட்டது. இளவரசர் கார்ல் லிக்னோவ்ஸ்கி அவரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். தான் மணி அடிக்கும் அதே நேரத்தில் பீத்தோவனும் அடித்தால் முதலில் அவரைக் கவனி என்று வேலைக்காரரிடம் சொல்லியிருந்தார். பீத்தோவன் என்ன செய்தார் தெரியுமா? அதைக் கேட்ட அன்றைக்கே தனக்கென்று ஒரு வேலைக்காரரை அமர்த்திக்கொண்டார். இளவரசர் வீட்டில் மாலை 4 மணிக்குச் சாப்பாடு. தினமும் மூன்றரைக்கு வீடு திரும்பி, நல்ல உடை போட்டு, முகம் மழித்து யார் தயாராவது என்று நண்பர் வேகலரிடம் புலம்பியிருக்கிறார். லிக்னோவ்ஸ்கியின் மாமியார் துன் சீமாட்டி, வயதான அம்மாள், சோபாவில் சாய்ந்திருந்த பீத்தோவன் முன்னால் மண்டியிட்டு வாசிக்கச் சொல்லிக் கெஞ்சியதைப் பார்த்தவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் வாசிக்கவில்லை.

ஹைடனின் வெள்ளைக் காலுறையிலிருந்து இது வெகுதூரம். ஆனால் எவ்வளவு தூரம்? வியன்னாப் பிரபுக்களுக்கு இசை வெறும் பொழுதுபோக்கு இல்லை, போட்டி. யார் வீட்டில் நல்ல கச்சேரி, யார் பெயரில் புதுப் படைப்பு என்பதில் மானப் பிரச்சினையே இருந்தது. சொந்த ஆர்கெஸ்ட்ரா வைத்துக் கட்டுப்படியாகாமல் பல குடும்பங்கள் அதைக் கலைத்துவிட்ட காலம். அதனால் ஒரு தனி மேதையை ஆதரிப்பது செலவு குறைந்த கௌரவம். 1795-இல் பீத்தோவன் ‘ஓபஸ் 1’, அதாவது முதல் படைப்பு என்று எண்ணிட்டு வெளியிட்ட மூன்று பியானோ ட்ரியோக்களுக்கு 123 பேர் முன்பணம் கட்டி 240-க்கும் மேற்பட்ட பிரதிகளை வாங்கினார்கள். பட்டியலைப் பார்த்தால் வியன்னா உயர்குடியின் விலாசப் புத்தகம் மாதிரி இருக்கும். லோப்கோவிட்ஸ் இளவரசர் பணம் கொடுத்து ‘எரோய்க்கா’ சிம்பொனியைச் சில மாதங்களுக்குத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். ஊருக்கு முன்னால் அது அவருடைய அரண்மனையில்தான் ஒலித்தது.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு கை பெண்கள். பியானோ பிரபு வீட்டுப் பெண்களின் வாத்தியம். அவர்கள் மேடையில் காசுக்கு வாசிக்க முடியாது. வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கலாம். பொழுதும் இருந்தது, நல்ல ஆசிரியர்களும் கிடைத்தார்கள். விளைவு, அன்றைய வியன்னாவில் பீத்தோவனை அவர் நினைத்த மாதிரி வாசிக்கத் தெரிந்தவர்களில் பலர் சீமாட்டிகள். ஓர் ராணுவ அதிகாரியின் மனைவி டோரோத்தியா எர்ட்மான் அவர்களில் ஒருவர். அவருடைய குழந்தை இறந்தபோது பீத்தோவன் முதலில் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. அப்புறம் ஒரு நாள் அவரை வரச்சொல்லி, இனி இசையில் பேசுவோம் என்று பியானோ முன் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். கடைசியில் எனக்கு ஆறுதலும் கிடைத்தது என்று எர்ட்மான் பல வருஷம் கழித்து இசையமைப்பாளர் மெண்டல்சோனிடம் சொன்னார்.

பீத்தோவன் ஏன் எப்போதும் எட்டாத உயரத்துப் பெண்களையே காதலித்தார் என்று மனோதத்துவம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அது அவர் வேலை செய்த இடம். அவர் எழுதியதைப் புரிந்துகொண்டு பேசக்கூடிய பெண்கள் அங்கேதான் இருந்தார்கள். தன் வட்டத்திலும் அவர் முயலாமல் இல்லை. பான் காலத்திலிருந்தே தெரிந்த பாடகி மக்தலேனா வில்மானைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதாகவும், ஆள் அழகில்லை, பாதிப் பைத்தியம் வேறு என்று அவர் மறுத்ததாகவும் வில்மானின் குடும்பத்தார் பிறகு சொன்னார்கள்.

ஜூலியெட்டா குவிச்சியார்டி கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1802-இல் வெளியான ‘மூன்லைட்’ சொனாட்டா அவர் பெயரில் இருப்பதால். (நிலாவொளி என்ற பெயர் பீத்தோவன் இறந்த பிறகு ஒரு விமர்சகரின் வர்ணனையிலிருந்து ஒட்டிக்கொண்டது. அதில் நிலாவும் இல்லை, ஜூலியெட்டாவும் இல்லை.) பாடம் சொல்லிக்கொடுத்ததற்கு அவர் பணம் வாங்க மாட்டார். ஜூலியெட்டா தைத்தது என்று சொன்னால் மட்டும் துணிமணி வாங்கிக்கொள்வார். இதை ஜூலியெட்டாவே வயதான பிறகு சொல்லியிருக்கிறார். கூலி வாங்கினால் ஆசிரியர், பரிசு வாங்கினால் நண்பர். அந்த வித்தியாசம் அவருக்கு முக்கியம். 1801 நவம்பரில் வேகலருக்கு எழுதுகிறார்: அருமையான, மனம் கவரும் ஒரு பெண், அவள் என்னை நேசிக்கிறாள், நானும். ஆனால் அவள் என் நிலையைச் சேர்ந்தவள் அல்ல. 1803-இல் ஜூலியெட்டா காலன்பர்க் பிரபுவைக் கட்டிக்கொண்டு நேப்பிள்ஸ் போனார். காலன்பர்க்கும் இசையமைப்பாளர்தான், சுமாரான இசையமைப்பாளர். ஆக இசையமைப்பாளர் என்பதில் அந்தக் குடும்பத்துக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

ஜூலியெட்டா பிரன்ஸ்விக் வீட்டுக்கு உறவு. அந்த வீட்டில்தான் நிஜமான கதை இருக்கிறது.

1799 மே மாதம். ஹங்கேரியின் மார்டன்வாஷார் என்ற ஊரில் பண்ணை மாளிகை வைத்திருந்த பிரன்ஸ்விக் சீமாட்டி, கணவரை இழந்தவர், தன் மகள்கள் தெரேசாவையும் யோசஃபினையும் வியன்னாவுக்குக் கூட்டிவந்தார். படிக்கட்டு ஏறி மூன்றாவது மாடியில் இருந்த பீத்தோவன் வீட்டுக்கே பெண்களோடு போய், பாடம் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார். தெரேசா கையில் பீத்தோவன் சொனாட்டா நோட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி. அவர் ஒத்துக்கொண்டார். அவர்கள் தங்கியிருந்த ‘தங்கக் கிரிஃபின்’ ஹோட்டலுக்குத் தினமும் வந்தார், 16 நாள். பகல் 12 மணிக்கு வந்தால் ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். நாலு, ஐந்து மணி வரை இருப்பார். உயரத் தூக்கியே வாசிக்கப் பழகியிருந்த தன் விரல்களைப் பிடித்து அழுத்தி வளைத்துவிட்டார் என்று தெரேசா நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். சாப்பாட்டு நேரம் தாண்டி எல்லோரும் பட்டினி கிடந்தும் யாருக்கும் கோபம் வரவில்லையாம்.

அதே பயணத்தில் அம்மா இன்னொரு காரியத்தையும் முடித்தார். வியன்னாவில் டெய்ம் பிரபு என்பவர் ஒரு கலைக்கூடம் நடத்திவந்தார். மெழுகுப் பொம்மைகள், சிலைகளின் அச்சுப் பிரதிகள், தானாக வாசிக்கும் இசைப்பெட்டி எல்லாம் இருக்கும். மோட்ஸார்ட் அந்தப் பெட்டிக்காகவே காசுக்கு இசை எழுதியிருக்கிறார். மோட்ஸார்ட் இறந்த அன்று முகத்துக்கு அச்சு எடுத்தவரும் இவரே. இளமையில் ஒரு சண்டை காரணமாக ஊரைவிட்டு ஓடி, முல்லர் என்ற பெயரில் மெழுகு வேலை பழகியவர். கலைக்கூடத்தைப் பார்க்க வந்த யோசஃபினைப் பார்த்ததும் பெண் கேட்டார். யோசஃபினுக்கு 20 வயது. டெய்முக்கு 47. பணக்காரர் என்று நம்பிய அம்மா ஜூலையிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார். பிறகுதான் கடன் வெளியே வந்தது.

1804 ஜனவரியில் டெய்ம் பிராகாவில் நோயில் இறந்தார். யோசஃபினுக்கு 24 வயது, மூன்று குழந்தைகள், வயிற்றில் நாலாவது. ரோட்டன்டூர்ம் வாசல் பக்கத்தில் பெரிய கட்டிடம், அதன்மேல் பெரிய கடன். பீத்தோவன் மறுபடியும் பாடம் சொல்ல வரத் தொடங்கினார். அந்த டிசம்பரில் தங்கை ஷார்லட் எழுதுகிறார்: பீத்தோவன் கிட்டத்தட்ட தினமும் வருகிறார், பெப்பிக்குப் பாடம் எடுக்கிறார், கொஞ்சம் ஆபத்தாகத்தான் இருக்கிறது. பெப்பி என்பது யோசஃபினுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர். ஜனவரியில் அக்கா தெரேசா பதில் எழுதுகிறார்: பெப்பியும் பீத்தோவனும் என்ன ஆவார்கள்? அவள் ஜாக்கிரதையாக இருக்கட்டும். இல்லை என்று சொல்லும் பலம் அவள் மனசுக்கு வேண்டும்.

இந்தக் காலத்தில் பீத்தோவன் யோசஃபினுக்கு எழுதிய 13 கடிதங்கள் 1957-இல்தான் அச்சுக்கு வந்தன. அதுவரை உலகம் ஜூலியெட்டாவையே பேசிக்கொண்டிருந்தது. கடிதங்களில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ‘நம்பிக்கைக்கு’ என்ற பாட்டை யோசஃபினுக்காக எழுதி மேசைமேல் வைத்திருக்கிறார். லிக்னோவ்ஸ்கி தற்செயலாக வந்து அதைப் பார்த்துவிட்டார். இளவரசர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் புரிந்துகொண்டார், வெளியே சொல்ல மாட்டார், நீங்கள் பயப்பட வேண்டாம் என்று யோசஃபினுக்குச் சமாதானம் எழுதுகிறார் பீத்தோவன். ஊர் அறியத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கலைஞர், தன் காதலை ஒரு பிரபு பார்த்துவிட்டார் என்பதற்காக நடுங்கியிருக்கிறார். இன்னொன்று: அத்தனை கடிதத்திலும் ‘நீங்கள்’தான். ஜெர்மனில் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு.

யோசஃபின் எழுதிய பதில்களின் வரைவு சில மிஞ்சியிருக்கின்றன. உங்கள் நட்பு என் வாழ்க்கையின் மிக அழகான அணியாக இருந்திருக்கும், நீங்கள் என்னை இவ்வளவு உடல் வேட்கையோடு நேசிக்காமல் இருந்திருந்தால். உங்கள் கோரிக்கைக்கு இணங்கினால் நான் புனிதமான பந்தங்களை முறிக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் எழுதுகிறார். புனிதமான பந்தம் என்றதும் இறந்த கணவரை நினைத்துக்கொள்ளத் தோன்றும். அவர் மனசில் இருந்தது குழந்தைகள்.

சட்டம் இப்படி. பிரபு குலத்து ஆண் சாதாரணப் பெண்ணைக் கட்டினால் அவளுக்கு அவன் அந்தஸ்து வரும். கொஞ்ச நாள் ஊர் முணுமுணுக்கும், அவ்வளவுதான். பிரபு குலத்துப் பெண் சாதாரணன் ஒருவனைக் கட்டினால் அவள் அந்தஸ்து அவனோடு கீழே இறங்கிவிடும். பட்டமும் போகும், அரசவை நுழைவும் போகும். ஆனால் குழந்தைகள் இறங்க மாட்டார்கள். டெய்மின் பிள்ளைகள் பிரபுக் குழந்தைகள். அவர்களுக்குச் சொத்தும் பட்டமும் உண்டு. அவர்களுடைய காப்பாளர் விவகாரத்தைப் பார்த்துக்கொள்வது பிரபுக்களின் நீதிமன்றம். பிரபு அல்லாத ஒருவரை மறுமணம் செய்துகொண்ட தாயிடம் அந்தக் குழந்தைகளை விட்டுவைக்க மாட்டார்கள். யோசஃபினை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டுவது இதைத்தான். பீத்தோவனா நாலு குழந்தைகளா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒரு தாய் வேறென்ன செய்வார்?

1807 இலையுதிர் காலத்தில் பீத்தோவன் அந்த வீட்டு வாசலுக்கு இரண்டு முறை போய்ப் பார்க்க முடியாமல் திரும்பினார். வேலைக்காரர்கள் உள்ளே விடவில்லை. அதைப் பற்றிய கடிதத்தில்கூட மரியாதை குறையாமல் எழுதியிருக்கிறார்.

மூத்த மகன்களுக்கு ஆசிரியர் தேடி யோசஃபினும் தெரேசாவும் சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள், கல்வியாளர் பெஸ்டலோட்ஸியைப் பார்க்க. அங்கே கிடைத்தவர் எஸ்தோனியா பக்கத்துப் பிரபு கிறிஸ்டோஃப் வோன் ஸ்டாக்கல்பர்க். கையில் காசில்லை, மதம் வேறு, குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெயரில் ‘வோன்’ இருந்தது. 1810 பிப்ரவரியில் கல்யாணம். அது எப்படிப் போயிற்று என்பதை நீட்ட மனமில்லை. பண்ணை வாங்கி நஷ்டம், பிரிவு. 1814-இல் ஸ்டாக்கல்பர்க் போலீஸோடு வந்து தன் மூன்று பெண் குழந்தைகளையும் எடுத்துப் போய்விட்டார். எந்தக் குழந்தைகளைக் கையை விட்டுப் போகாமல் காக்க ஒருவரை வேண்டாம் என்றாரோ, அதே துயரம் இன்னொரு வாசல் வழியாக வந்தது. 1821-இல், 42 வயதில் இறந்தார்.

தெரேசா 86 வயது வரை இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, 1828-இல் புடாவில் ஹங்கேரியின் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தவர் அவர்தான். 1840-களில் நாட்குறிப்பில் எழுதுகிறார்: டெய்ம் இறந்த பிறகு என் தங்கை ஏன் பீத்தோவனைக் கட்டிக்கொள்ளவில்லை? ஸ்டாக்கல்பர்க்கோடு வாழ்ந்ததைவிட நன்றாக இருந்திருப்பாளே. தாய்ப்பாசம்தான் அவளைத் தன் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க வைத்தது. ‘இல்லை என்று சொல்லும் பலம் வேண்டும்’ என்று எழுதிய அதே கை.

பணம் இருந்திருந்தால்? பீத்தோவனும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல. நெப்போலியனின் தம்பி ஜெரோம் காசல் நகரத்துக்கு அழைத்தபோது, அவரை விட்டுவிடக் கூடாது என்று வியன்னாப் பிரபுக்கள் மூவர் 1809 மார்ச் 1 தேதியிட்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஆர்ச்டியூக் ருடால்ஃப் 1500, லோப்கோவிட்ஸ் 700, கின்ஸ்கி 1800. மொத்தம் வருஷத்துக்கு 4000 ஃப்ளோரின். செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை, நாட்டைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். வெள்ளைக் காலுறை ஒப்பந்தத்துக்கு 48 வருஷம் பின்னால் இப்படி ஒன்று. பேரத்தைப் பின்னாலிருந்து நகர்த்தியவர்களில் எர்டோடி சீமாட்டியும் உண்டு. அப்போது அவர் வீட்டில்தான் பீத்தோவன் குடியிருந்தார். சீக்கிரமே ஒரு வேலைக்காரர் விஷயத்தில் அவரோடும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியது தனிக் கதை.

கையில் நிரந்தர வருமானம் வந்ததும் கல்யாணப் பேச்சு. 1810 மே மாதம் வேகலருக்கு அவசரக் கடிதம்: பான் நகரத்திலிருந்து என் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி அனுப்பு. தெரேசா மால்ஃபாட்டி என்ற இளம்பெண், வசதியான குடும்பம். அந்த வீடும் முடியாது என்றது. 1810 ஏப்ரல் 27 தேதியிட்டதாகச் சொல்லப்படும் ஒரு சின்ன பியானோத் துண்டின் கையெழுத்துப் பிரதி இந்தப் பெண்ணின் உடைமைகளோடுதான் வந்தது. ‘எலீஸுக்கு’ என்று 1867-இல் அச்சானது. சென்னையில் கீபோர்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் வீட்டில் எல்லாம் கேட்கிற அதே ‘ஃபர் எலீஸ்’. எலீஸ் யார் என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

4000 ஃப்ளோரினும் நிலைக்கவில்லை. 1811-இல் அரசாங்கம் காகிதப் பணத்தின் மதிப்பை ஐந்தில் ஒன்றாக்கியது. 1812 நவம்பரில் கின்ஸ்கி குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். லோப்கோவிட்ஸ் கடனில் மூழ்கினார். பாக்கியை வாங்க பீத்தோவன் வாரிசுகளோடு வழக்காட வேண்டியிருந்தது. ருடால்ஃப் மட்டும் இடைவிடாமல் கொடுத்தார்.

1812 ஜூலை 6, 7 தேதிகளில் டெப்லிட்ஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து எழுதிய கடிதம் பத்துப் பக்கம். ‘அழியாத அன்புக்குரியவளே’ என்ற விளிப்பு அதில்தான் வருகிறது. கடிதத்தில் வருஷம் இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. திங்கள், ஜூலை 6 என்று ஓரிடத்தில் வருவதையும் தாளின் நீர்க்குறியையும் வைத்து 1812 என்று கண்டுபிடித்தார்கள். பென்சிலில் எழுதியிருக்கிறார், ‘உன்னுடைய பென்சிலால்’ என்று முதல் வரிகளிலேயே சொல்கிறார். ஆமாம், இங்கே ‘நீ’.

யார் அந்த நீ? அமெரிக்க ஆய்வாளர் மேனார்ட் சாலமன் 1970-களில் அந்தோனி பிரென்டானோ என்றார். வியன்னா உயர்குடியில் பிறந்து பிராங்ஃபர்ட் வணிகரைக் கட்டியவர். அந்த வாரம், பீத்தோவன் டெப்லிட்ஸுக்குப் போகும் வழியில் தங்கிய அதே பிராகா வழியாகப் போனார் என்பதற்குப் பதிவு இருக்கிறது. அந்தோனி உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது பீத்தோவன் வந்து யாரோடும் பேசாமல் முன்னறைப் பியானோவில் வாசித்துவிட்டு, வந்தபடியே போய்விடுவாராம். இன்னொரு தரப்பு, யோசஃபின்தான் என்கிறது. 1813 ஏப்ரலில், சரியாக ஒன்பது மாதம் கழித்து, அவருக்குப் பிறந்த பெண்ணின் பெயர் மினோனா; திருப்பிப் படித்தால் ‘அனோனிம்’, பெயரில்லாதவர். இதைப் படித்ததும் எனக்கும் சிலிர்த்தது. ஆனால் எழுத்தைத் திருப்பிப் போடுவது சாட்சி ஆகாது. யாராக இருந்தாலும் அந்த ஜூலையில் அவர் வேறொருவரின் மனைவி என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

அடுத்த தலைமுறையில் பியானோக் கலைஞர் பிரான்ஸ் லிஸ்ட் வேறு வழி போனார். 1835-இல் மரீ தகு சீமாட்டி கணவரை விட்டு அவரோடு ஜெனீவா போய் மூன்று குழந்தைகள் பெற்றார். பாரிஸ் பேசித் தீர்த்தது, ஆனால் லிஸ்ட்டின் கச்சேரிக்குக் கூட்டம் குறையவில்லை. டிக்கெட் வாங்கும் பொதுஜனம் வந்துவிட்டதால் ஒரு சில பிரபுக்களை நம்பி அவர் இல்லை. கல்யாணம் அவருக்கும் கூடவில்லை. கரோலின் இளவரசியோடு 1861 அக்டோபர் 22, தன் ஐம்பதாவது பிறந்தநாளில், ரோமில் திருமணம் என்று தேவாலயம்வரை ஏற்பாடாகி, முந்தின நாள் இரவு நின்றுபோனது. மாப்பிள்ளையின் குலம் அங்கே பிரச்சினை இல்லை; இளவரசியின் முதல் திருமண ரத்து பற்றிய ஆட்சேபம்.

பீத்தோவனுக்கு வருவோம். நகர மன்றம் அவர்மேல் கருணை காட்டவில்லை. காப்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அவர் மேல்முறையீடு செய்து 1820-இல் ஜெயித்தார். எதிரே தோற்றவர் மரச்சாமான்களுக்குத் துணி தைக்கும் ஒருவரின் மகள், பெற்ற தாய். ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் சட்டத்தால் தன் வாழ்க்கையில் அடிபட்டவர், அதே வேலையை இன்னொரு தாய்க்குச் செய்தார் என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா, அவருக்கே தோன்றியதா, தெரியாது.

1827 மார்ச் 26-இல் இறந்தார். மொத்தச் சொத்தும் கார்லுக்கு. அதில் முக்கியமானவை வங்கிப் பங்குப் பத்திரங்கள். வீட்டில் தேடிப் பார்த்தால் காணோம். தம்பி யோஹான் ஒருபக்கம் சந்தேகத்தோடு நிற்க, அப்போது கார்லின் காப்பாளராக இருந்த பழைய நண்பர் ஸ்டெஃபான் வோன் பிரொய்னிங் அலமாரியைக் குடைந்தார். ஒரு ஆணியை இழுத்ததும் ரகசிய அறை திறந்துகொண்டது. ஏழு பத்திரங்களும் இருந்தன. கூடவே இரண்டு பெண்களின் சின்ன உருவப்படங்களும், அனுப்பப்படாததோ திரும்பி வந்ததோ, பென்சிலில் எழுதிய அந்தப் பத்துப் பக்கமும்.